கரமனைப் பாலத்தைத் தொடாத வழி

சைக்கிள் சாவி வன்னியபெருமாளின் வேட்டி மடிப்பில் இருந்தது. கிணற்றடிக்குக் குளிக்கப் போனபோதுகூட அதை எதிரே துவைக்கிற கல்லின்மேல் வைத்துக்கொண்டுதான் குளித்தார்.

நேற்று மாலை பள்ளிக்கூட மைதானத்தில் மனைவி சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. ஆவுடைத்தாய் விழாமல் ஒரு முழு வட்டம் அடித்து, "ஏட்டி பகவதி, பாத்தியா!" என்று மகளிடம் கூவிக்கொண்டு திரும்பியபோது, சாலைக் கடைத்தெருவில் தான் வேலை பார்க்கும் அரிசி மண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய புருஷன் எதிரே நின்றிருந்தார். சைக்கிளைக் கையிலிருந்து வாங்கினார். வீடு வரை உருட்டினார். கொல்லையில் நிறுத்திப் பூட்டினார்.

திட்டியிருந்தாலும் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மண்டிக்கு லீவு. அவளுக்கோ இன்று சாயங்காலம்தான் கெடு. மணக்காட்டு லேடீஸ் ஹாஸ்டலில் ஆறு வருடமாகக் காய் நறுக்கி, மாவாட்டி, அடுத்தவர் சமையலுக்கு எடுபிடியாக இருந்தவள் அவள். சமையற்காரம்மா ஊரோடு போய்விட்டதில் வார்டன் சீதாலக்ஷ்மி அம்மாள் அவளைத்தான் கூப்பிட்டார். அடுப்படி முழுக்க உன் பொறுப்பு. ஆனால் பொழுது விடிகிறபோது அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். முடியுமா முடியாதா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து சொல்லு.

அவர்கள் குடியிருந்த மேலாங்கோட்டிலிருந்து ஆற்றைத் தாண்டி டவுனுக்கு அந்த நேரத்துக்கு ஏது பஸ்? வருகிற முதல் பஸ்ஸும் நேமத்திலேயே நிரம்பி, நிற்காமல் போகும். படிப்பு முடிந்து பம்பாய் போன ஒரு பெண் ஹாஸ்டலில் விட்டுப்போன லேடீஸ் சைக்கிளை வார்டன்தான் அவளுக்குக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டுதான் தாயும் மகளும் புருஷனுக்குத் தெரியாமல் மைதானத்துக்குப் போனார்கள்.

காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு ஆவுடைத்தாய் நகராமல் நின்றாள்.

"மண்டியில நாலு பேரு சிரிப்பாங்கன்னு பாக்கீகளா?"

"எவன் சிரிச்சா எனக்கென்ன?"

"பின்னே?"

அவர் காபியை ஆற்றினார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார்.

"அந்தப் பாலம் ஒனக்குத் தெரியாது."

கரமனைப் பாலம். தை மாதத்தில் அங்கே வைத்துத்தான் பின்னால் வந்த லாரி அவருடைய சைக்கிளை உரசியது. பாலத்தின் சுவரில் மோதி விழுந்ததில் இடது கால் முறிந்தது. லாரி நிற்கவில்லை. இப்போது கால் கூடிவிட்டது. ஈரமான நாட்களில் மட்டும் லேசாகச் சாய்த்து நடப்பார். எழுபத்தைந்தாம் வருடம் ஆசையாக வாங்கிய சைக்கிள் ரிப்பேராகி வந்து கொட்டகையில் நிற்கிறது. அவர் அதன் பக்கம் போனதேயில்லை.

"பாலம்தானே வேண்டாம்? பாலத்தைத் தொடாம டவுனுக்குப் போனா?"

"தொடாம எப்படிட்டீ போவ? ஆத்துல குதிச்சா?"

உள்ளேயிருந்து பகவதி தலையை நீட்டினாள். பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து மலையாளம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். "கடவு உண்டல்லோப்பா! எங்க கிளாஸ்ல அக்கரை காலடி ஊர்க் குட்டிகள் எல்லாம் வள்ளத்துலதான் ஆறு கடந்து வருது."

படகில் ஆற்றைக் கடப்பதை ஆவுடைத்தாயால் நினைத்தே பார்க்க முடியாது. கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள் அவள். அதுவும் இந்த மழைத் தண்ணீரில்!

"கடவெல்லாம் வேண்டாம்" என்றாள் அவசரமாக. "கைமனத்துக்குப் பொறத்தால ஆத்தங்கரையை ஒட்டி ஒரு இடவழி போகுதே, அது டவுன்லதான் ஏறுமாம். மீன்காரம்மா சொன்னா."

வன்னியபெருமாள் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்துக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னிக்கு ஒரு நாள். பாலத்தைத் தொடாம மணக்காடு போய்க் காட்டு. நானும் கூட வருவேன். வழி இல்லேன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

"சம்மதம்."

கொட்டகையில் அவருடைய பழைய சைக்கிளின் இரண்டு டயரும் கல்லு மாதிரி நின்றன. காற்றடித்து வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. பகவதி பம்பைக் காலால் மூலைக்குத் தள்ளினாள்.

*

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆவுடைத்தாய் மெள்ள மிதித்தாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

"ஏறி வரலாம்லா?"

"செயின் சரியில்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய் போட்ட செயின் பளபளவென்று இருந்தது. முன்னால் திரும்பி மிதித்தாள்.

மழை விட்ட காலை. கைமனத்துக்குப் பின்னால் இடவழி நன்றாகவே இருந்தது. ஒரு பக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், மறுபக்கம் ஆறு. ஆவுடைத்தாய்க்கு மனசு துள்ளியது. எதிரே வந்த பசுமாட்டுக்கு மணி அடித்தாள். வேலியோரம் நின்ற ஒரு பெண்பிள்ளை, "எந்தா சேச்சி, சர்க்கஸ்ஸா?" என்று கேட்டபோதுகூடச் சிரித்துக்கொண்டே கடந்தாள்.

அப்புறம் வழி வளைந்தது. வளைந்து மேடேறியது. தென்னைகளுக்கு மேலே கருங்கல் சுவர் தெரிந்தது.

பாலம்!

இடவழி அவர்களைக் கொண்டுபோய் மெயின் ரோட்டில், கரமனைப் பாலத்தின் வாசலிலேயே விட்டிருந்தது. மேலே ஒரு லாரி பெரிய இரைச்சலோடு பாலத்தில் ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சைக்கிள்காரன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனான்.

"சரி, இது ஆகாது" என்று சொல்லிக்கொண்டே ஆவுடைத்தாய் திரும்பினாள். 

வன்னியபெருமாளின் முகத்தில் ரத்தமே இல்லை. சைக்கிள் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மூட்டை மூட்டையாக அரிசி தூக்கிய அந்தக் கைகள் நடுங்கின. நெற்றியில் வேர்வை.

இத்தனை மாதம் கூட இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குத் துணுக்கென்றது. நேற்று அவர் பேசாமல் இருந்தது கோபமில்லை. கௌரவமும் இல்லை. மைதானத்தில் அவள் வட்டம் அடித்ததைப் பார்த்தபோது அவர் கண்ணுக்குத் தெரிந்தது இந்தப் பாலம்தான்.

"சொன்னேம்லா" என்றார் அவர். "வழி கிடையாது. வா, வீட்டுக்குப் போவோம்."

ஆவுடைத்தாய் ஆற்றைப் பார்த்தாள். கலங்கலாக, சுழித்துக்கொண்டு ஓடியது.

"வழி இருக்கு" என்றாள். "கடவுக்குப் போவோம்."

"ஒனக்கு வள்ளம்னா..."

"போவோம்னு சொல்லுதேன்லா."

*

கருமம் என்கிற ஊரை ஒட்டிய படகுக் கடவில் ஒரு வள்ளம் கிடந்தது. வள்ளம் தள்ளும் கடத்துக்காரர் ஒல்லியான கிழவர், பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு இரண்டு சைக்கிளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"சைக்கிள் கேற்றாம். பக்ஷே, நடுவில் பிடிச்சோண்டு நிக்கணும். ஆடப்பாடில்ல, கேட்டோ?" ஏற்றலாமாம், ஆனால் ஆட்டக்கூடாதாம்.

"விடியக்காலம் வள்ளம் உண்டா?" ஆவுடைத்தாய் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"வெளுப்பினே பால்காரர் போகும். அவருடெகூட கேறிக்கோ."

விடிவதற்கு முன்னாலேயே பால்காரர்கள் தினமும் போகிறார்களா? அப்படியானால் அடுப்பு எரிகிற நேரத்துக்கு அந்தக் கரையில் இருக்கலாம். அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் முதல் காலை வள்ளத்தில் வைத்ததும் அது அசைந்தது, வந்த மூச்சு போய்விட்டது.

"கண்ண மூடிக்கோ" என்றார் வன்னியபெருமாள்.

தாமிரபரணியில் முங்கி நீந்தி வளர்ந்தவர் அவர். ஒரு கையால் சைக்கிள்களைச் சேர்த்துப் பிடித்து, காலை அகட்டி, வள்ளத்தின் நடுவில் அசையாமல் நின்றார். மறு கையால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கவில்லை.

ஆறு வள்ளத்தை இழுத்தது. கழி தரையில் குத்தும் சத்தம். முழங்காலில் தண்ணீர் தெறித்தது. "அம்மா, ஆற்றுகால் பகவதி, காப்பாத்து" என்று முணுமுணுத்தாள் அவள்.

"நானும் மூடிக்கிடுவேன்" என்றார் அவர் திடீரென்று.

"எதை?"

"கண்ணத்தான். தினம் பஸ்ஸுல போகச்சில. பாலம் வந்தா மூடிக்கிடுவேன். பாலம் தாண்டி அடுத்த ஸ்டாப்பு வந்து, கிள்ளிப்பாலம்னு கண்டக்டர் சத்தம் போட்ட பொறவுதான் தொறப்பேன். பக்கத்துல இருக்கவன் தூங்குதேன்னு நெனச்சுக்கிடுவான்."

அவள் கண்ணைத் திறந்தாள். நடு ஆற்றில், சுற்றிலும் தண்ணீர், அவள் புருஷன் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் தன் பயத்தைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல?"

வள்ளம் மணலில் முட்டி நின்றது.

அக்கரையில் தென்னந்தோப்புக்குள் ஒரு வழி போயிற்று. சைக்கிளுக்குத் தோதாகக் கெட்டித்த செம்மண். லாரி இரைச்சல் இல்லை, ஹாரன் இல்லை. யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆவுடைத்தாய் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"செயின்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"செயினுக்கு ஒண்ணுமில்ல. ஏறுங்க."

அவர் முன்னாலும் பின்னாலும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இடது காலை மிதியில் வைத்து, இரண்டு தடவை உந்தி, ஏறினார்! சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது, மறுபக்கமாக இழுத்தது, பிறகு நேராயிற்று. பத்துத் தென்னை தாண்டினதும் கிணிங் கிணிங் என்று மணி அடித்தார். எதிரே ஒருவருமே இல்லை. சும்மா அடித்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டே மிதித்த ஆவுடைத்தாய் வழியைப் பார்க்கவில்லை. வரப்போரச் சேற்றில் தொப்பென்று விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள்.

"ஒழுங்கா ரோட்டைப் பாத்து ஓட்டணும்" என்றார் வன்னியபெருமாள், சைக்கிளிலிருந்து இறங்காமலே. மைதானத்துக்குப் பிறகு அவர் அவளை முதன்முதலாகத் திட்டியது அப்போதுதான்.

*

ஆற்றுகால் கோயிலைத் தாண்டின சந்தில் அது நின்றுகொண்டிருந்தது. செங்கல் லாரி.

சந்தின் பாதியை அடைத்துக்கொண்டு, எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு புது வீட்டின் முன்னால் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வன்னியபெருமாள் பிரேக் பிடித்தார். இறங்கினார். கைப்பிடியில் விரல்கள் மறுபடி வெளுத்தன.

"பாத்தியா? லாரி."

"நிக்கிற லாரி."

"கெளம்பிட்டான்னா?"

ஆவுடைத்தாய் தன் சைக்கிளை வேலியில் சாய்த்தாள். முழங்கை வரை சேறும், செருகின புடவையுமாக நேரே டிரைவர் பக்கம் போய்க் கதவைத் தட்டினாள்.

"தம்பி, எஞ்சினைக் கொஞ்சம் அமத்துப்பா."

நாகர்கோவில் பக்கத்துப் பையன். எட்டிப் பார்த்தான். "எதுக்குக்கா?"

"நாங்க ரெண்டு பேரு கடந்து போணும். கடந்த பொறவு நீ போட்டுக்கோ."

அவன் அவளைப் பார்த்தான். பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷனைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, சாவியைத் திருகி அமர்த்தினான். அதோடு விடாமல் கீழே குதித்து, முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டை கொடுத்தான்.

"இனி இது நகராது. வாங்க அண்ணாச்சி."

வன்னியபெருமாள் உருட்டிக்கொண்டுதான் போனார். லாரியின் பக்கவாட்டை ஒட்டி, அதன் சூடு மேலே பட, ஒவ்வொரு அடியாகப் போனார். கடைசிச் சக்கரத்தருகே நின்று, உள்ளங்கையை அதன் டயரின் மேல் வைத்து ஒரு கணம் பார்த்தார். அப்புறம், அங்கேயே, லாரிக்குப் பக்கத்திலேயே சைக்கிளில் ஏறினார்.

ஹாஸ்டல் கேட்டுக்குள் அவர்கள் நுழைந்தபோது மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். "ஆவுடையம்மா சைக்கிள்ல வராங்க!" என்று ஒரு குரல். வராந்தாவில் கைப்பிடியோரம் கூட்டம் கூடிவிட்டது.

சீதாலக்ஷ்மி அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். "என்னடி இது கோலம்? சேத்துலே உருண்டுட்டு வந்திருக்கே?"

"பதில் சொல்ல வந்தேம்மா. நாளையிலேருந்து அடுப்பு என் பொறுப்பு."

"பஸ்ஸே கெடையாதுன்னியே? சைக்கிளைக் கொடுத்தப்போ நான் யோசிக்கலே. கரமனை ரோட்டிலே இருட்டோட விடப்போறியா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"பாலம் வழியா இல்லம்மா. கடவு கடந்து, காலடி, ஆற்றுகால் வழியா. பால்காரங்க வள்ளத்துல."

வார்டன் வன்னியபெருமாளைப் பார்த்தார். "நீங்க சம்மதிச்சேளா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும் இனி அந்த வழிதாங்க. இவளை இங்கன விட்டுட்டு மண்டிக்குப் போவேன். கொஞ்சம் நேரத்தோட போய்க் கதவைத் தொறந்தா மொதலாளிக்குக் கசக்கவா போகுது?"

இதை அவர் அவளிடம் முன்னாலேயே சொல்லவில்லை. ஆவுடைத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. மாடியிலிருந்து பெண்கள் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கத்தினார்கள். முற்றத்து மாமரத்தைச் சுற்றி அவள் ஒரு வட்டம் அடித்தாள். விழவில்லை. கைதட்டலில் மாமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. கண்டிப்புக்காரர் என்று பேர் வாங்கிய சீதாலக்ஷ்மி அம்மாளும் கைதட்டினார்.

"நாளைக்கு என்ன பண்ணப்போறே?" என்று கேட்டார்.

"இட்லி, கொத்சு. நாளன்னிக்குப் பொங்கல்."

"பொங்கல்லே மிளகை முழுசாப் போடு. போனவ பொடிச்சுப் போட்டே கொன்னா" என்றார் வார்டன்.

*

கேட்டைத் தாண்டியதும் வன்னியபெருமாள் வலது பக்கம் திரும்பவில்லை.

"வீட்டுக்கு இப்படிப் போகணும்" என்றாள் அவள்.

"சாலை வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமைச் சாலைக் கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. மற்ற நாளில் வண்டியும் மூட்டையும் ஆளுமாக மூச்சுவிட இடமில்லாத தெருவின் நடுவே, புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் மிதித்துக்கொண்டு போனார்கள். மண்டி வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்த சுமைக்காரர்களில் பிச்சைக்கனிதான் முதலில் தலை தூக்கினான். சீட்டு கையிலிருந்து நழுவியது.

"எலேய், அண்ணாச்சி! அண்ணாச்சி சைக்கிள்ல வாராருலேய்!"

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தை மாதத்தில் அவரைத் துணிக்கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது இந்தக் கைகள்தான். ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவரை இறங்கவே விடவில்லை. அப்படியே பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை உருட்டிப்போனார்கள். பிச்சைக்கனி ஓடிப்போய் ஒரு தேங்காய் வாங்கி வந்து அவர் கையில் திணித்தான்.

வன்னியபெருமாள் தேங்காயை மனைவியிடம் நீட்டினார்.

"நீ ஒடை. வழி கண்டுபிடிச்சது நீதானே."

ஆவுடைத்தாய் ஓங்கி அடித்தாள். தேங்காய் சில்லுச் சில்லாகச் சிதறியது.

*

திரும்பி வரும்போது வள்ளத்தில் அவள் கண்ணை மூடவில்லை. சைக்கிளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீடு சேர்ந்தபோது மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பகவதி தெருமுனைக்கே ஓடி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சைக்கிள்களைக் கொட்டகையில் நிறுத்தப் போன ஆவுடைத்தாய் திடுக்கிட்டு நின்றாள். மூலையில் ஒரு பெண்.

எதிர்வீட்டு விஜயம். ஆபீஸ் குமாஸ்தா பஞ்சாபகேசனின் மனைவி. அந்த வீட்டுக்குக் குடி வந்து ஆறேழு மாதமிருக்கும். வாசல் தெளிக்க வரும்போதுகூடத் தலை நிமிர்ந்து பார்க்காத பெண்.

"அக்கா" என்றாள் அவள், மிகவும் மெல்ல. "கடவு வழியாவே டவுனுக்குப் போயிடலாமாமே? நீங்க தினம் போக வழி பார்க்கப் போயிருக்கேள்னு பகவதி கார்த்தாலேயே சொன்னா."

"ஆமா."

"மெயின் ரோட்டுக்கே வர வேண்டாமா? பஸ் ஸ்டாப், கடைவீதி... தெரிஞ்சவா யாரும் பார்க்க மாட்டாளே?"

"பால்காரங்களும் கடத்துக்காரரும்தான். ஏன் கேக்க?"

விஜயம் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நேரம் பின்னால் மறைத்து வைத்திருந்த துணிப்பையை முன்னால் கொண்டுவந்தாள். பை வாய் பிதுங்கி, ஒரு பட்டுப்புடவையின் ஓரம் வெளியே தொங்கியது. பையைப் பிடித்திருந்த மணிக்கட்டில் கறுத்துப்போன தழும்பு ஒன்று தெரிந்தது.

"நாளைக்குக் கார்த்தாலே போறச்சே என்னையும் கூட்டிண்டு போறேளா? ஆத்துக்காரருக்குத் தெரிய வேண்டாம்."

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. "விஜயம்!" என்று உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் அதட்டியது. அவள் உடம்பு ஒடுங்கியது.

ஆவுடைத்தாய் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். கை நீட்டிப் பையை வாங்கித் புருஷனுடைய சைக்கிள் கேரியரில் வைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"பால்காரன் மணிச் சத்தம் கேட்டதும் வெளிய வந்துரு" என்றாள். "பின்னால ஒக்காந்து என் இடுப்பை நல்லா பிடிச்சுக்கோ. நான் விழாம ஓட்டுவேன்."